இரண்டு டன் எஃகு

சுருக்கெழுத்தில் முதலில் மெய்.
உயிர் பிறகுதான், ஒரு புள்ளியாக.
அவசரத்தில் புள்ளி விட்டுப்போனால்
‘பவர்’ என்று கேட்டது ‘புவர்’ என்று நிற்கும்.
டில்லிச் செயலகத்தில் சேர்ந்த முதல் மாதம்
அதிகாரம் அரசிடம் குவிய வேண்டும் என்ற குறிப்பில்
ஏழைகள் குவிய வேண்டும் என்று அடித்துவிட்டேன்.
பட்நாகர் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அது ஐம்பத்தாறு, மே மாதம்.
வெட்டிவேர்த் தட்டிக்குத் தண்ணீர் தெளிக்கும் மேலாராம்
இரண்டு அறைக்கும் பொது. நானும் பொது.
காலையில் பட்நாகர், மத்தியானம் பரூச்சா.
ஒரே ரெமிங்டன், ஒரே நாடா.

பட்நாகர் நடந்துகொண்டே சொல்வார்:
பசித்த வீட்டுப் பந்திக்கு
ஒரு கை வேண்டும், ஒரே கரண்டி வேண்டும்.
கண்டவன் கண்டபடி அள்ளினால்
கடைசி இலைக்கு உப்புதான் மிஞ்சும்.
முதலில் அணை, முதலில் உலை.
சைக்கிள் பிறகு.

பரூச்சா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி:
எந்த இலையில் எவ்வளவு பசி என்று
கரண்டிக்கு எப்படித் தெரியும்?
என் அப்பா பம்பாயில் ஐஸ் விற்றார்,
ஒருவரையும் கேட்காமல்.
கதவைத் திறந்துவிடு,
காவல்காரனுக்கு வேறு வேலை கொடு.

(பேசியதெல்லாம் இங்கிலீஷ்.
இலையும் கரண்டியும் நான் போட்டவை.)

இத்தனையும் கேஹர் சிங்கின் கோப்பில்.
குஜ்ரன்வாலாவிலிருந்து வந்தவர்,
சப்ஜி மண்டியில் தகரக் கொட்டகை,
சைக்கிள் ஹப் செய்ய மாதம் இரண்டு டன் எஃகு கேட்டிருந்தார்.
வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்,
மடியில் கைக்குட்டை, அதற்குள் ஒரு ஹப்.
போகிறவர் வருகிறவருக்குச் சுழற்றிக் காட்டுவார்.
சத்தமே வராது.
உள்ளே போய் வெளியே வரும்போதெல்லாம்
கோப்பு கொஞ்சம் கனத்திருக்கும்.
இரண்டு டன்னை நோக்கி
அது ஒன்றுதான் நகர்ந்துகொண்டிருந்தது.

தீபாவளிக்குப் பிறகு பெஞ்ச் காலி.

தை மாதக் குளிரில் பட்டாணி வாங்கப் போனவள்
கடைசல் சத்தம் கேட்டு நின்றேன்.
நான்கு பையன்கள், இரண்டு லேத்.
கண்ணாடித் தம்ளரில் டீ கொடுத்தார்.
எஃகு?
“சர்க்கார் கொடுத்ததுதான் பேட்டி,
அவர்கள் ரயில் யார்டிலிருந்து, ராத்திரியில்.
விலை மட்டும் மூன்று மடங்கு.”
சிரித்தார். கண்ணில் தூக்கமில்லை.

நான் வாயை மூடியிருக்கலாம்.
பெயரை விட்டுவிட்டு, ஊரை விட்டுவிட்டு,
இரண்டு அறையிலும் மெய்யை மட்டும் சொன்னேன்.
தொழில் பழக்கம்.

பட்நாகர்: பார், கட்டுப்பாடு போதவில்லை.
பரூச்சா: பார், கட்டுப்பாடுதான் திருடனைச் செய்தது.
இரண்டு குறிப்பும் ஒரே நாளில் அடித்தேன்.
இரண்டிலும் அவர் ‘ஓர் உதாரணம்’.
கார்பன் தேய்ந்திருந்தது;
மூன்றாம் படியில் எது யார் சொன்னது
எனக்கே தெரியவில்லை.
ஒரு மணிக்கு இருவரும் பேசிக்கொண்டே
கேன்டீனுக்கு நடந்தார்கள்,
ஒரே குடைக்குள்.

என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
இந்த மாடியில் பெண்களுக்கு ஒரு கழிவறை.
அரசு கட்டினாலும் சரி,
தனியார் கட்டினாலும் சரி.

ஐம்பத்தெட்டு மார்ச்சில் உத்தரவு வந்தது.
ஒன்றரை டன், ஒரு தடவை மட்டும்,
பதினோரு நிபந்தனைகளுக்கு உட்பட்டு.
விலாசத்தை நான்தான் அடித்தேன், பிழையில்லாமல்.
பத்தாம் நாள் உறை திரும்பி வந்தது,
பிரிக்கப்படாமல்.
பின்பக்கம் பென்சிலால் குர்முகியில் ஒரு வரி.

இரண்டு அறையிலும் அதைப் படிக்க ஆளில்லை.
மேலாராம் படித்தான்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.
என்ன என்று கேட்டேன்.
வாளியை எடுத்துக்கொண்டு
தட்டிக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டான்.